யோசித்துச் சொல்கிறேன் என்றது

மார்ச் 10, திங்கள்

ஒன்றும் சொல்லாமல் இருப்பது பொய்ச்சாட்சியில் சேருமா? தெரியவில்லை. காலையிலிருந்து யோசித்தும் தெரியவில்லை.

காலையில் நல்ல வெயில், பகலுக்குப் பிறகு மூட்டம். உடுப்பு காயவில்லை. பதினோராம் வகுப்பு விடைத்தாள்கள் பாதி முடிந்தன. இதயத்துக்கு ஒரு பிள்ளை ஐந்து அறை வரைந்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது.

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன். ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு பேர். கொத்மலையிலிருந்து. மாப்பிள்ளையின் அத்தையும் மாமாவும். பெண் விசாரிக்க வந்திருக்கிறார்கள். பெண் யாரென்றால், என்னோடு படிப்பிக்கும் பக்கத்துக் குவார்ட்டஸ் ரோஸ்லினின் மகள் ஷாமினி. (இனி ரோ. என்றே எழுதுவேன். முழுப் பெயரை எழுதினால் எரிச்சல் வருகிறது.)

அந்த அம்மா வெள்ளையாகப் பேசினார். "டீச்சரம்மா, புள்ள ஒங்ககிட்ட படிச்சதாமே. ஞாயிறு பள்ளியிலயும் நீங்கதானாம். முகத்துக்காகப் பேச மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் தேடி வந்தோம்."

கெட்டிக்காரி, அடக்கமானவள், கணக்கில் சுமார் என்றேன். எல்லாம் உண்மை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கொழும்புல கடையில கணக்கெழுதப் போன புள்ள, கொஞ்ச மாசத்துலயே திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே கெடந்துச்சாமே. வெளிய தலைகாட்டலையாம். என்னாங்க சமாச்சாரம்?"

சமாச்சாரம் மஞ்சள் காமாலை. எனக்கு நன்றாகத் தெரியும். ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு வேனில் கூடப் போனவள் நான். அப்போது ரோ.வும் நானும் பேசிக்கொண்டிருந்த காலம். அந்த வேனில் எங்கள் மூவரைத் தவிர ஊர்க்காரர் வேறு யாரும் இல்லை. ஆகவே ஊர் தன் இஷ்டப்படி கதை கட்டிக்கொண்டது.

ஒரு வரியில் முடிந்திருக்கும். நான் சொன்னது: "யோசிச்சுச் சொல்றேங்க."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தொப்பியை எடுத்தார். பிளேன்டீ பாதியில் நின்றது.

ஏன் அப்படிச் சொன்னேன்? குழப்பமாக இருந்ததென்று எழுதலாம். இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்றுவது? அந்த நொடியில் குழப்பமே இல்லை. வாய்க்குள் ஏதோ இனித்தது.


மார்ச் 11, செவ்வாய்

குளிர். தண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வந்தது.

ஆசிரியர் அறையில் ரோ., எல்லோர் முன்னாலும்: "மிஸ், லெந்து நோன்புக்கு நீங்க என்னா விட்டீங்க? நாங்க இறைச்சிய விட்டோம். நீங்க சந்தேகத்த விட்டுப் பாருங்களேன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. சிரித்த தாடை இன்னும் வலிக்கிறது.

இவளை எனக்குப் பிடிக்காததற்குக் காரணங்கள். பாட்டில் எல்லோருக்கும் ஒரு தாளம் முன்னால் ஓடுவாள். என் கோப்பையில் குடித்துவிட்டுக் கழுவாமல் வைப்பாள். யாருக்காவது ஜெபிக்கும்போது அவர்களுடைய குற்றத்தையெல்லாம் சத்தமாகக் கடவுளுக்கு நினைவூட்டுவாள். இதெல்லாம் சில்லறை. பெரியது யோனா. இரண்டு வருடத்துக்கு முன் வேத ஆராய்ச்சியில், அவனை மீன் விழுங்கிய விஷயம் அப்படியே நடந்ததா என்பது முக்கியமில்லை, அந்த மனிதன் கடவுளிடமிருந்து ஓடியதுதான் முக்கியம் என்றேன். விலங்கியல் படித்தவளிடம் மீனைப் பற்றிக் கேட்டால் வேறென்ன சொல்வாள்? மறுவாரம் சபைக் கமிட்டியில் ரோ. எழுந்து, "மிஸ்ஸுக்கு விசுவாசம் இல்லைங்க, புள்ளைங்கள அவுங்ககிட்ட விடுறது சரியா?" என்றிருக்கிறாள். ஞாயிறு பள்ளி என் கையை விட்டுப் போயிற்று. வருடக்கணக்காக நடத்தியது. இப்போது அவள் நடத்துகிறாள். பிள்ளைகளுக்குப் படம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்கிறாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் ஆறவில்லை.

இன்று அவள் முகத்தைப் பார்த்தேன். கொத்மலைக்காரர்கள் என்னிடம் வந்தது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அறை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். லெந்து நாளில் பார்க்கலாமா என்று போதகரைக் கேட்டார்களாம். பார்க்கலாம், பேசி முடிக்கத்தான் கூடாது என்றாராம். அவருக்கும் ஒரு சட்டப்புத்தகம் இருக்கிறது போல.


மார்ச் 12, புதன்

பின்னேரம் நல்ல மழை. குடைக் கம்பி ஒன்று போயிற்று.

லெந்து ஆராதனை. இயேசுவின் வனாந்தரச் சோதனை பற்றிப் பிரசங்கம். போதகர் இளவயது, நல்ல மனிதர், அவருக்குச் சோதனை என்றால் கைத்தொலைபேசி. முக்கால்வாசி நேரம் அதுதான். பின்வரிசையில் ஒரு தொலைபேசி பாடியது. எல்லோரும் திரும்பினோம். அவருடைய மனைவியுடையது.

எனக்குத் தோன்றியது: அந்தக் கதையில் பிசாசு கெட்டது எதையும் கேட்கவில்லை. பசித்தவனிடம் சாப்பிடச் சொன்னது, அவ்வளவுதான். என்னிடமும் கெட்டது எதையும் கேட்கவில்லை. பேசாமல் இரு என்கிறது. பேசாமல் இருப்பது என் சுபாவமே. ஊரில் எனக்கு அதற்காகவே மரியாதை.

வெளியே வந்து போதகரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒருத்திக்கு நல்லது ஒன்று தெரிந்தும் சொல்லாமல் விட்டால் பாவமா என்று.

"ஜெபிச்சுப் பாருங்க மிஸ். கர்த்தர் உணர்த்துவாரு."

"உணர்த்தாட்டி?"

"உணர்த்துவாரு மிஸ்."

வீட்டுக்கு வந்து ஜெபித்தேன். முழங்காலில், ஒழுங்காக. ஒன்றும் வரவில்லை. எப்போதும் வருவதில்லை. வராது என்று தெரிந்தே கேட்கிறேன், இத்தனை வருடமாக. வராதது ஒரு புறம். கேட்க வேண்டிய அவசியமே இல்லாததைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது இன்னொரு புறம். பதில் எனக்குத் தெரியும். அதற்கு வானத்திலிருந்து யாரும் இறங்கிவரத் தேவையில்லை. பதில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.


மார்ச் 13, வியாழன். போயா, பௌர்ணமி விடுமுறை.

ஹட்டனுக்குப் போனேன். வாங்கியது: சவர்க்காரம், பருப்பு, சிவப்புப் பேனை, கறிவேப்பிலை. குடை திருத்துபவரைக் காணவில்லை.

பஸ் நிலையத்தில் ஷாமினி. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் சட்டைத் துணிப் பை. தைக்கக் கொடுத்தது கை இறுக்கமாம், திருப்பிக் கொடுக்க வந்தாளாம்.

"மிஸ், ஒங்ககிட்டயும் வந்தாங்களாமே? அவரு போன்ல சொன்னாரு."

ஓ, போனில் பேசும் அளவுக்கு இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

"வந்தாங்க."

"நான் அம்மாட்ட சொல்லலை மிஸ். ஒங்ககிட்ட கேட்டாங்கன்னா அம்மாவுக்குத் தூக்கமே வராது." சிரித்தாள். "எனக்கு பயமில்ல. நீங்க இருக்கிறதத்தான சொல்வீங்க."

முகம் நல்ல நிறமாக இருக்கிறது. அன்றைக்கு வேனில் கண் மஞ்சளாக, வழி நெடுக என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "மிஸ், வாந்தி வருது, ஒங்க சேலை, ஒங்க சேலை" என்று அதற்கே கவலைப்பட்டவள்.

நான் என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் வட்டவளை பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். இருக்கை கிடைத்தது. அதில்கூட எனக்கு எரிச்சல்.


மார்ச் 14, வெள்ளி

பள்ளித் தவணை கடைசி நாள். புள்ளிகள் கொடுத்தாயிற்று.

பள்ளிக்கூடம் கூட்டும் செல்வி, மேசையைத் துடைத்துக்கொண்டே: "மிஸ், கேட்டீங்களா? ரோஸ்லின் மிஸ் வீட்டுச் சம்பந்தம் கொழம்பிருச்சாம்."

"யார் சொன்னது?"

"எங்க மாமியா வீடு கொத்மலைதானேங்க. நேத்து போன்ல சொன்னாங்க. விசாரிச்ச எடத்துல ஒரு பெரிய மனுசி யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னாங்களாம். அதுக்கு மேல என்னாத்த கேக்குறது?"

"யோசிச்சுச் சொல்றேன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னாங்க மிஸ் இப்பிடி கேக்குறீங்க? நல்லதச் சொல்ல யாராச்சும் யோசிப்பாங்களா? வாய்ல வராத கெட்டது இருந்தாத்தான் அப்பிடிச் சொல்லுவாங்க. அந்தப் பெரிய மனுசி யாரோ, அது வாய்ல மண்ணு."

மண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே திங்கட்கிழமைக் கேள்வி செத்துப் போயிற்று. சேருமா சேராதா என்று நான் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே யோசிச்சுச் சொல்றேன் என்பது தீர்ப்பு. தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் இது. பட்டம் வாங்கிய எனக்கும் தெரியும். தெரியாததுபோல ஐந்து நாள் நடந்திருக்கிறேன்.

ரோ.வுக்கு இன்னும் தகவல் வரவில்லை. பக்கத்துக் குவார்ட்டஸிலிருந்து கொக்கிஸ் பலகாரம் பொரிக்கும் வாசனை.

கொத்மலைக்குப் போனில் சொல்லலாமா? நம்பர் இருக்கிறது. ஆனால் போனில் சொன்னால் ரோ. கெஞ்சிச் சொல்ல வைத்தாள் என்பார்கள். நல்ல வார்த்தை நேரில்தான் போக வேண்டும். கெட்டதற்குத்தான் போன் போதும்.

நாளை போகிறேன். கீழ்ப்படிந்தால் உள்ளம் இலகுவாகும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. இலகுவாகவில்லை. ரோ.வை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. பிடித்த பிறகு போகலாம் என்றால் பிள்ளைக்குக் கிழப்பருவம் வந்துவிடும். கடவுள் பிடிக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. போகச் சொல்கிறார். சொல்கிறாரா? சொல்லவில்லை. ஆனால் போகாமல் இருக்கவும் விடவில்லை.


மார்ச் 15, சனி

ரயிலில் நாவலப்பிட்டி. அங்கிருந்து கொத்மலை பஸ். நிற்கக்கூட இடமில்லை. கொண்டக்டர் எல்லோரையும் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னே தள்ளினான். முன்னே எங்கே இடம்? அணைக்கட்டு நீர் வற்றி, கரை சிவப்பாகத் தெரிந்தது.

வீடு கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அத்தை என்னைக் கண்டதும் முகத்தை இறுக்கினார். மாமா கதிரை போட்டார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரி, நானும் கூடப் போனது, மருந்துக்குப் பத்தியம் இருந்ததால் வெளியே வராதது. ஒரே மூச்சில்.

அத்தை: "அந்த டீச்சருக்கும் ஒங்களுக்கும் ஆகாதாமே?"

"ஆகாதுங்க."

"பேச்சுவார்த்தை இல்லையாமே?"

"அவுங்க பேசுவாங்க. நான் பேசமாட்டேன். அப்பிடிப்பட்டவ பஸ் ஏறி வந்து சொல்றேன். நம்பலாம்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும். அந்த அம்மா மேல இருந்த கோவத்துல சொல்லலைங்க. புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல."

சொல்லி முடித்ததும் காது சுட்டது. அவர் பாராட்டுவார், கண் கலங்குவார் என்றெல்லாம் நான் நினைத்திருக்கக் கூடாது. தலையில் கைவைத்தார். "என்னாங்க டீச்சரம்மா! படிச்சவுங்க இப்பிடியா செய்வீங்க? வேன்காரனுக்கு வேணாம்னு சொல்லியாச்சு. பெரியண்ணனுக்குச் சொல்லியாச்சு. பய ரெண்டு நாளா சோறு திங்கல!"

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மா, முகம் காட்டாமல்: "அந்தக் காமாலை திரும்பத் திரும்ப வருமாங்க?"

பிறகு பாடம்தான். கல்லீரல், அழுக்குத் தண்ணீர், கடைச் சாப்பாடு, ஒருமுறை வந்து போன அந்த வகை மறுபடி வராது. மாமா, "எனக்கும் வந்துச்சு, இப்ப கல்லுமாதிரி இருக்கேன்" என்றார். அத்தை, "நீங்க பேசாம இருங்க" என்றார். யாரும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிளேன்டீ கொடுத்தார்கள். குடித்தேன். மடித்த குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் ரயில் தாமதம். கால் வீங்கியிருக்கிறது. மன அமைதி என்று எதுவும் இல்லை. பசிதான் இருந்தது. பாணும் சம்பலும்.

வருவார்களா மாட்டார்களா தெரியாது. அது என் கையில் இல்லை. என் கையில் இருந்த ஒன்றை ஆறு நாள் வைத்துக்கொண்டிருந்தேன், கொடுத்துவிட்டேன்.

ரோ.விடம் சொல்லக்கூடாது. இது ஏன் என்று விளக்க முடியவில்லை. சொன்னால் நன்றி வாங்கவேண்டி வரும். அவளுடைய நன்றியைத் தாங்கும் சக்தி எனக்கு இல்லை.


மார்ச் 16, ஞாயிறு

மூட்டம் இல்லை. மலை முழுவதும் தெரிந்தது.

ஆராதனையில் ரோ. வழக்கம்போல் ஒரு தாளம் முன்னால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு முன் கதவைத் தட்டினாள். பட்டுச் சேலை, தலையில் பூ, மேல்மூச்சு வாங்கியது.

"மிஸ், அவசரம். ஒங்க வீட்டுக் கதிரை நாலு தாங்க. பத்துப் பதினஞ்சு பேரு வாராங்க. வேன் கினிகத்தேனை தாண்டிருச்சாம்."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டிரண்டாகத் தூக்கினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நடுவுல பிசாசு தடுக்கப் பாத்துச்சு மிஸ். வரமாட்டாங்கன்னு நேத்து காலையில ஒரு பேச்சு. நான் ராவெல்லாம் முழங்கால்ல நின்னேன். கர்த்தர் காரியத்த மாத்திட்டாரு. நீங்களும் விசுவாசிச்சுப் பாருங்க மிஸ், சும்மா புத்தகம் படிச்சுக்கிட்டு இருக்காம."

நாக்கு நுனிவரை வந்தது. கொத்மலை, பஸ், கொண்டக்டர், எல்லாம். விழுங்கினேன். அவள் சொன்னதில் பிசாசு தடுத்தது மட்டும் சரி, அது யார் என்றுதான் அவளுக்குத் தெரியாது.

"நல்லது டீச்சர்" என்றேன். இரண்டு வருடத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கதிரைகளில் ஒன்றுக்குப் பின்கால் ஆடும். கனத்த ஆள் சாய்ந்தால் கவிழும். அதைத்தான் மாப்பிள்ளையின் மாமாவுக்குப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். ஒரு கணம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கூப்பிட்டுச் சொன்னேன்.