முதல் பாடத்துக்கு ஆள் இல்லை

மார்ச் 3, திங்கள்
அண்ணி இன்றும் கணினியை மூடிவிட்டு எழுந்துபோனார். அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். 28-ஆம் தேதி கணினிப் பயிற்சி வகுப்புக்கு நுழைவுத் தேர்வு. சின்ன நிரல் ஒன்று எழுதிக் காட்ட வேண்டும்.
"என் மண்டையில இது ஏறாது, விட்டுடு."
அவர் படித்த பாடத்தைப் பார்த்தேன். படிப்பவருக்குத் தெரியும் என்று பாதியை விட்டிருந்தார், தெரியாவிட்டால் போகட்டும் என்று மீதியை. எழுதியவரைத் திட்டி என்ன பயன்? நாமே எழுதினால்?

மார்ச் 9
பாடம் எழுதும் கூட்டத்துக்கு நூலகத்தின் மாடி அறை கிடைத்துவிட்டது. 23, ஞாயிறு. விடப் போவதில்லை.

மார்ச் 14
என்னோடு நிரல் எழுதும் வேலை செய்பவர்களில் பத்துப் பேர் பாடம் எழுத வருகிறார்கள். எல்லோருக்கும் கடைசிப் பாடங்கள்தான் வேண்டுமாம்! முதல் பாடத்துக்கு ஆளே இல்லை. நாங்கள் 'வாத்தியார்' என்று கூப்பிடும் மூத்தவர், "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" என்றார். எல்லாருக்கும்னா யாருக்கு? பற்றிக்கொண்டு வந்தது. சரி, நானே எழுதுகிறேன்.

மார்ச் 23
விதி என்னுடையது: ஒன்றும் தெரியாதவர் தாளைப் பார்த்துச் செய்வார், எழுதியவர் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் அண்ணி, என் பாடம். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். சொல்லித்தர நாக்கு துறுதுறுத்தது.
நூலகக் கணினியில் நிரல் எழுதும் மென்பொருளே இல்லை! எங்கள் கணினிகளில் அது பல வருஷமாக இருக்கிறது. அதை நிறுவ வேண்டும் என்று பதினொரு பேரில் ஒருவரும் எழுதவில்லை. நானும்தான். வெட்கமாக இருந்தது.
மற்ற பாடங்களை ஒதுக்கிவைத்தோம். பதினொரு பேரும் சேர்ந்து அந்த ஒரே பாடத்தை நாலு முறை திருத்தினோம். நாலு மணிக்கு, எண்ணைக் கொடுத்தால் இரட்டிப்பாக்கிக் காட்டும் நிரல் அண்ணி கையில் ஓடியது. அவர் இன்னோர் எண் கொடுத்தார். பிறகு இன்னொன்று. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 28
அண்ணிக்குத் தேர்வு. எனக்கு வேலையே ஓடவில்லை.

மே 11, ஞாயிறு
இரண்டாவது கூட்டம். வாத்தியார் புதிய பாடம் கொண்டுவந்தார். வகுப்பில் சேர்ந்து ஒரு மாதமான அண்ணி பேனாவோடு உட்கார்ந்து, முதல் வரியையே அடித்தார்: 'இது மிக எளிது.'
"ஏம்மா, எளிதுதானே?"
"எளிதுன்னு போட்டிருக்கீங்க சார். அப்புறமும் வரலன்னா, நமக்குத்தான் மூளை இல்லன்னு தோணும். நான் அப்படித்தான் நினைச்சேன்."
வாத்தியார் தன் பழைய பாடங்களைத் திறந்து அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தார். நானும் என்னுடையதைத் திறந்தேன்.
ஏழு இடத்தில் இருந்தது.