யோனாவும் பாக்கியத்தின் மூன்றாம் நாளும்

இன்று காலை மீன் கடையில் ஒரு கொடுவாயை அறுத்தார்கள். வயிற்றைக் கீறியதும் உள்ளேயிருந்து பாதி செரித்த இன்னொரு மீன் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. அதன் கண் வெளுத்துப்போய், செதில் கரைந்து, ஒரு மாதிரி கூழாக இருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. யோனா தீர்க்கதரிசியைப் பற்றி அத்தனை பக்கம் எழுதினாயே, மீன் வயிற்றுக்குள் எப்படி நாறும் என்று ஒரு வரி எழுதினாயா? டைப் அடித்தவன் நான். எனக்குத் தெரியும், எழுதவில்லை. மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். "வெறும் பையைத் தூக்கிகினு வர்றதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். வெங்காயத்தைப் போட்டு ஏதாவது குழம்பு வை என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

செங்கல்பட்டில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் நீ காகிதக் கட்டோடு நுழைந்தது கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக் கட்டட வேலை மும்முரமாக நடந்த காலம். ஊரில் உனக்கு ஒரு சின்ன சபை. ஞாயிறு சாயங்காலம் சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்தில், ஓலைக் கொட்டகையில், ஒரு ஜெபக்கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில், மதராஸில் ஒரு இறையியல் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. யூத சிந்தனையிலும் கிறிஸ்தவ சிந்தனையிலும் யோனா, இதுதான் தலைப்பு. "ஏன் பாஸ்டரே, எங்க யூனுஸ் நபியும் அவருதானே, எங்களை ஏன் வுட்டுட்டே?" என்றேன். "ரெண்டு பேரைச் சமாளிக்கவே முழி பிதுங்குது பாய், மூணாவதா நீயுமா?" என்றாய். ஊர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். இன்ஸ்டிட்யூட் கதவைச் சாத்தினால் 'நீ'. இப்போது யார் கேட்கப்போகிறார்கள், 'நீ' என்றே எழுதுகிறேன்.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். நினிவே நகரத்துக்குப் போய் எச்சரிக்கை செய் என்று கடவுள் சொல்ல, யோனா எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். புயல் அடித்தது. கப்பல்காரர்கள் சீட்டுப் போட்டுப் பார்த்து அவரைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். பெரிய மீன் ஒன்று விழுங்கி, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்கியது. அதன் பிறகு அவர் போய் எச்சரிக்க, நினிவே மனம் திரும்பியது, கடவுளும் மன்னித்தார். அந்த மன்னிப்புதான் யோனாவுக்குப் பிடிக்கவில்லை. நிழல் தந்த ஒரு செடி வாடியதற்கு வருத்தப்பட்டவரிடம், இவ்வளவு ஜனம் உள்ள ஊருக்காக நான் வருத்தப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். புத்தகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்று இல்லை.

யூதர்கள் இதைத் தங்கள் பாவநிவிர்த்தி நாளில், பட்டினி கிடக்கும் பிற்பகலில் வாசிப்பார்கள் என்று உன் பக்கங்களை அடித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்நியர் ஒரே வார்த்தையில் திருந்திவிட்டால், எத்தனை சொல்லியும் திருந்தாத தன் ஜனத்துக்குத் தலைகுனிவாகுமே என்றுதான் யோனா ஓடினார் என்று அவர்களுடைய வேத குருக்களான ரபிமார் சிலர் விளக்கம் சொன்னார்களாம். கிறிஸ்தவர்கள் மீனைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் மீன் வயிறு, மூன்று நாள் கல்லறை, ஆகவே கிறிஸ்து உயிர்த்ததற்கு யோனா அடையாளம். பிற்காலத்தில் வந்த சிலர், இரக்கம் பிடிக்காத அந்த யோனாதான் யூதர் எல்லோருக்கும் முகம் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பகுதியைக் கொண்டுவந்த அன்று நீ டீ கூடக் குடிக்கவில்லை. "ஒருத்தரு சிடுசிடுத்தாருன்னு ஒரு ஜனத்தையே திட்டித் தீர்த்திருக்கோம் பாய். வெக்கமா கீது" என்றாய்.

நமக்குள் சண்டை அந்த நிழல் செடியில் வந்தது. உன் தமிழ் வேதத்தில் ஆமணக்கு. எங்களுக்குச் சுரைக்கொடி. ஆமணக்கு நிழலில் ஆடு கூட நிற்காது என்பேன். சுரைக்கொடி படுத்துக் கிடப்பவனுக்குத்தான் ஆகும் என்பாய். லோயர் பரீட்சைக்கு அடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் விரலை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

கடைசி அத்தியாயம் மூன்றாம் நாளைப் பற்றியது. உன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதுதான் உயிர்நாடி. மற்றதெல்லாம் அங்கே வந்து சேருவதற்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார். கடலுக்குள் போனவனுக்கும் ஒரு மூன்றாம் நாள் உண்டு என்று அதில் ஒரு வாக்கியம் வரும். நன்றாக எழுதியிருந்தாய். அதை அடித்து முடித்து, நீ என் எதிரில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் குப்பத்திலிருந்து ஆள் வந்தான்.

முந்தின நாள் ஐப்பசிக் காற்றில் ஒரு கட்டுமரம் புரண்டிருந்தது. போன மூவரில் இருவர் நீந்தி வந்துவிட்டார்கள். தாசு வரவில்லை. உன் ஜெபக்கூட்டத்துக்கு வரும் பாக்கியத்துக்கு அவன் ஒரே பிள்ளை, புருஷன் எப்போதோ செத்துப்போனவன். என் அக்கா வீடு சதுரங்கப்பட்டினத்தில்தானே, நானும் உன்னோடு பஸ் ஏறினேன். சிமெண்டுத் தூசியோடு வேலையாட்கள் நெருக்கி நின்றார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாய். மனசுக்குள் பிரசங்கம் தயார் செய்துகொண்டிருந்தாய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடல் கிடைக்கும் வரை ஒப்பாரி வைக்க மாட்டார்கள். வைத்தால் ஆளைக் கடலுக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் வீடு நிறைய ஜனம், ஒரு சத்தம் இல்லை. பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உன்னைப் பார்த்ததும், "எம்புள்ள வருவானா பாஸ்டரே? வேதத்துல இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கூட உட்கார்ந்து அழுதிருக்கலாம். வேறொரு பாஸ்டராக இருந்தால் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு எழுந்திருப்பார். நீயோ வருஷக்கணக்காக யோனாவோடு குடித்தனம் நடத்தியவன். கேட்ட மாத்திரத்தில் யோனாவைத் திறந்தாய். கடல், அலை, மீன், மூன்றாம் நாள் கரை. குரல் கூட ஏறியது. நான் பின்னால் இருந்து உன் அங்கியைப் பிடித்து இழுத்தேன், நீ திரும்பவில்லை. கடலுக்குள் போனவனுக்கும் மூன்றாம் நாள் உண்டு என்று, கொஞ்சம் முன்னால் பிழை பார்த்த அந்த வாக்கியத்தையே சொல்லி முடித்தாய்.

பாக்கியம் விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ நாளைக்கு" என்றாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தாசுவின் சட்டையை எடுத்துத் துவைக்கப் போனாள்.

வெளியே அவளுடைய கொழுந்தன் நம்மை மடக்கினான். "மூணாம் நாளு கடல் இன்னாத்தைத் தள்ளும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும். நீ வந்து சொன்னதாலதான் அது மறந்துகினு நிக்குது. போயி மாத்திச் சொல்லு பாஸ்டரே" என்றான். நீ திரும்பிப் போனாய். அவள் சட்டையை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பார்த்தாய், மாற்றிச் சொல்லாமலே வந்துவிட்டாய். அன்று அக்கா வீட்டில் சோறு போட்டு வைத்ததை நீ தொடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நீ கெட்டிருந்தால் பரவாயில்லை, அவள் அல்லவா அகப்பட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை டச்சுக் கோட்டைக்குத் தெற்கே தாசு கரைக்கு வந்தான். எப்படி இருந்தான் என்று எழுத மாட்டேன், நீயும் பார்த்தாய். யாரையும் தொட விடாமல் பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து, துவைத்த சட்டையை அவன் மேல் போட்டாள். பிறகு உன்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

"கரையில வுட்டுட்ச்சி பாஸ்டரே. நீ சொன்ன மாரியே வுட்டுட்ச்சி. இனிமே நீ எழுப்பு" என்றாள்.

அவள் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தோம். நீ ஈர மணலில் முட்டி போட்டாய். யூனுஸ் நபி மீன் வயிற்றில் ஓதியதை நான் மனசுக்குள் ஓதினேன், வேறு என்ன தெரியும் எனக்கு? வெகுநேரம் கழித்துக் கொழுந்தன் வந்து அவளைத் தோளோடு பிடித்து விலக்கினான். அப்போதுதான் ஒப்பாரி கிளம்பியது. அடக்கத்துக்கு ஜெபம் சொன்னது சபை மூப்பர்.

அதற்குப் பிறகு நீ கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டாய். புதிதாக ஒன்று எழுதிக் கொண்டுவந்தாய். யூதர்கள் யோனாவை யாருக்கும் வாக்குக் கொடுப்பதற்காக வாசிக்கவில்லை, மன்னிப்புக் கேட்டுப் பசியோடு நிற்கும்போது வாசிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மீனோடு நின்றுவிட்டதால் அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டார்கள். பதில் சொல்லாத யோனாவைத்தான் நாம் இனி கற்றுக்கொள்ள வேண்டும். இப்படிப் போயிற்று அது. பேராசிரியர் திருப்பி அனுப்பினார். இது உன் துக்கம், ஆராய்ச்சி ஆகாது, மூன்றாம் நாளைத் திரும்பச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

பழைய அத்தியாயம் என் பீரோவில்தான் இருந்தது, கார்பன் படியோடு. எடுத்துச் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. உன் மனைவி ஒருநாள் நேரே என்னிடம் வந்தார். "பட்டம் வந்தா காலேஜ்ல வேலை, இருக்க ஒரு வூடு, பிள்ளைங்க படிப்பு. நீங்களே சேத்து அனுப்பிடுங்கண்ணா, அவரு கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்று அழுதார். உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. கேட்டேன். நீ என் ஸ்டூலில் உட்கார்ந்து டைப்ரைட்டரின் ஒரு எழுத்துக் கட்டையையே தடவிக்கொண்டிருந்தாய். "அந்த வரியை ஒரு தடவை வாயால சொன்னேன் பாய். கையெழுத்துப் போட்டு இன்னொரு தடவை சொல்ல முடியாது" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அட, ஊரில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் எழுதின வரிக்கெல்லாம் சத்தியம் பண்ணிவிட்டா வாங்கினார்கள்? பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று வாய்விட்டே திட்டினேன். நீ எழுந்து போய்விட்டாய். ஆராய்ச்சி அதோடு நின்றது.

ஆனால் பாஸ்டர் வேலை நிற்குமா, ஈஸ்டர் வராமல் இருக்குமா? அந்த வருஷம் ஓலைக் கொட்டகையில் நடந்ததை நீயேதான் வந்து சொன்னாய். பாக்கியம் முன்வரிசையில் இருந்தாள். மூன்றாம் நாள் என்ற இடம் வந்ததும் நீ வேதத்தை மூடிவிட்டாய். சபை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. அவள்தான், "சொல்லு பாஸ்டரே. உன் வேலை, நீ சொல்லு. நான் நாள் எண்ண மாட்டேன்" என்றாளாம். நீ சொன்னாய். சொல்லிவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்து வாந்தி எடுத்தாய்.

எழுபதுகள் முடியவில்லை, நீ போய்விட்டாய். மஞ்சள் காமாலை. கீழாநெல்லி என்றோம், ஆஸ்பத்திரி என்றோம், எதற்கும் கேட்கவில்லை. உன் அடக்கத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய பாஸ்டர், யோனாவை ஆராய்ந்த சகோதரன் என்று சொல்லி, மூன்றாம் நாளைப் பற்றித் தடங்கலே இல்லாமல் பேசினார். உன் மனைவி முக்காட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் என்னால் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பாக்கியம் எனக்கு முன்னாலேயே வந்து உன் மண் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா, இன்னிக்கு வந்துகீறே?" என்றேன்.

"எம்புள்ளைக்கு மூணாம் நாளு அவரு வந்து நின்னாரு இல்ல? அவருக்கு யாராச்சும் வந்து குந்தணுமே பாய்" என்றாள்.

நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. ரயில் ஒன்று போயிற்று. "உங்க வேதத்துல அந்த மீனு வுயுங்குன ஆளு வெளிய வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"வந்துட்டாரும்மா."

"யூதருங்க வேதத்துல?"

"அதுலயும் வந்துட்டாரு."

"அப்போ எல்லாத்துலயும் வந்துட்டாரு" என்றாள். மண் மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எம்புள்ளதான் வர்ல. இவரும் வர்ல."

புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இவ்வளவு வருஷத்தில், தெரிந்தவர் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், எந்த ஜாதியாக இருந்தாலும், மூன்றாம் நாள் போய் உட்காருகிறேன். முதல் நாள் வந்த கூட்டம் அன்றைக்கு இருக்காது. ஏதாவது சொல்லுங்களேன் பாய் என்பது மாதிரி வீட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.