வீடியோ கேமுக்கு ஸ்கூட்டர் ஹேண்டில் வைத்தவள்

திட்டிக்கொண்டே என் சோற்றில் முட்டையை ஒளித்து வைத்த என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வீடியோ கேம் கடை பாஸ்கர் அண்ணனும் வந்திருந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு என் தோளைத் தட்டி, "இவன் கை யாருக்கும் வராது. கேமுக்கு ஸ்கூட்டர் ஹேண்டில் வச்சவன் அம்பத்தூர்லயே இவன் ஒருத்தன்தான்" என்று மாமாவிடம் சொன்னார். உன் போட்டோவுக்குக் கீழே நின்றுகொண்டு நான் தலையாட்டினேன் அக்கா.

தொழிற்பேட்டைக் கம்பெனியில் நாளெல்லாம் ஈயத்தை உருக்கி ஒயருக்குப் பற்று வைத்துவிட்டு வந்து, வீட்டிலும் அதே புகையில் உட்கார்ந்தவள் நீ. பாஸ்கர் அண்ணன் கடை பைக் ரேஸ் கேமில் பட்டனை அழுத்தினால் வண்டி ஓடும் என்று நான் சொன்னதும் சிரித்தாயே. "இன்னாடா இது, காலிங் பெல் அடிக்கிற மாதிரி? வண்டின்னா முறுக்கணும்டா."

நான் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து, பட்டன் படுகிற இடங்களிலிருந்து ஒயர் இழுத்து, காயலாங்கடையில் வாங்கிய பழைய ஸ்கூட்டர் ஹேண்டிலில் கொடுத்தாய். முறுக்கினால் வேகம், பிடியை அழுத்தினால் பிரேக். திருப்பும்போது கை கனக்கவேண்டும் என்று இரண்டு பக்கமும் ஸ்பிரிங் போட்டாய். எவ்வளவு கனம் என்று பார்க்க, பக்கத்து வீட்டில் ஸ்டாண்டு போட்டு நின்ற ஸ்கூட்டரைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாய். உன்னை ஓட்டிப் பார்க்க எவன் விட்டான்?

அதைக் கடைக்குத் தூக்கிப்போனதும், "யார்றா செஞ்சது?" என்றார் பாஸ்கர் அண்ணன். "நான்தான்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அன்றே என்னைக் கடை மெக்கானிக் ஆக்கினார். வீட்டுக்கு வந்து உன்னிடம், "நீதான் செஞ்சேன்னு சொன்னேன், எல்லாரும் உன்னத்தான் கேட்டாங்கக்கா" என்று அளந்தேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

அதை நம்பித்தானே ஒரு சாயங்காலம் கம்பெனி விட்டு நேராகக் கடைக்கு வந்தாய்? பீடிப் புகை, வியர்வை நாற்றம், மூலையெல்லாம் எச்சில். விளையாடிக்கொண்டிருந்த தடியன்கள் உன்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இன்னாமா, யார் வோணும்?" என்றார் பாஸ்கர் அண்ணன்.

நீ வாய் திறப்பதற்குள் நான் ஓடிவந்தேன். "எங்க அக்காண்ணா. எனக்கு சாப்பாடு எடுத்துகினு வந்துகீது."

பையிலிருந்து நீ மத்தியானம் சாப்பிட்ட டிபன் டப்பாவை எடுத்து, காலி டப்பாவை, என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். நீ செய்த வண்டியை ஒரு தரம்கூட முறுக்கிப் பார்க்கவில்லை. வீட்டில் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தபோதும் பேசவில்லை. ஏன் அக்கா, ஓங்கி ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

இப்போது பாஸ்கர் அண்ணன் முகப்பேரில் இன்னொரு கடை திறக்கிறார். அதற்கு அதே மாதிரி இரண்டு ஹேண்டில் வேண்டுமாம். உன்னுடையதைப் பிரித்துப் பார்த்தேன். எல்லா ஒயரும் ஒரே நிறம். எது எங்கே போகிறது என்று ஒரு எழவும் புரியவில்லை. எனக்குப் பற்று வைக்கவே தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்பதால்தான் எழுதுகிறேனோ? அதுவும் உண்டு. சீ, என்ன பிழைப்பு இது.

நாளைக் காலை அவர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் இந்தக் கடிதம் கடைச் சுவரில் இருக்கும். வேலை போகும், போகட்டும். ஏரியா முழுக்கச் சிரிக்கட்டும். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சுவரில் ஒட்ட மைதாப் பசை காய்ச்சித் தரச் சொல்லிக் கேட்டேன். மாவு டப்பாவை என் முன்னால் நகர்த்திவிட்டுச் சொன்னார்கள்: "இதையாச்சும் நீயே செய்டா."

பொய்யன்தான், ஆனாலும் உன் கூடப்பிறந்த தம்பி,
சேவியர்