பதினான்காம் எண் பசுவின் சீம்பால்

திங்கள், காலை 7.10
மலை மேல் கால்நடை உடலியல் நிலையம். பதிவு செய்பவர்: டாக்டர் ஸ்டெல்லா.
பசு எண் 14 காலை 5.40க்கு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடேரிக் கன்று ஈன்றது. போன ஈற்றில் கன்றை அண்டவிடாமல் உதைத்துத் தள்ளிய பசு இது. இம்முறை ஈனும் முன்பே ஊசி போட்டோம். தாய்க்குப் பிள்ளைமேல் பற்றை உண்டாக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை மாற்றி அமைத்தது எங்கள் குழு. ரத்தத்தில் உள்ள நொதிகளால் இதைச் சிதைக்க முடியாது, சூட்டிலும் கெடாது. பசு கன்றை நக்கிக்கொண்டே இருக்கிறது. எட்டு வருட உழைப்பு. எனக்கே கண் கலங்கிவிட்டது.

திங்கள், 11.30
பால் கறக்கும் பேச்சியம்மாள் சீம்பாலில் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்துக் கொண்டுவந்தார். சோதனை மாட்டுப் பாலாயிற்றே என்றேன். "சீம்பால வேண்டாம்னா கன்னுக்கு ஆகாது டாக்டரம்மா. ஒரு வாயாவது தின்னுங்க." ஹார்மோனும் புரதம்தானே, வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும் என்று நானே எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். என்னோடு பதினொரு பேர் சாப்பிட்டோம். நான் இரண்டு துண்டு.

செவ்வாய், 9.00
பக்கத்துத் தொழுவத்துக் கன்று தவறிப்போய் 14ஆம் எண் பசுவிடம் வந்தது. ஒரே முட்டு. செத்துவிட்டது. தன் கன்றைத் தவிர வேறு எந்தக் குட்டியையும் இது கிட்டே விடாது. பக்கவிளைவு என்று குறித்துக்கொண்டேன்.

செவ்வாய், மாலை 4.15
யாரும் வீட்டுக்குப் போகவில்லை. 14இன் கன்றைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சியம்மாளின் மகளுக்கு இன்று பரிசம் போடும் நாள். நேரமாகிறதே என்றேன். "எந்த மக?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

புதன், 8.20
எவ்வளவு பெரிய மடத்தனம்! தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குச் செரிக்காமல் போய்ச் சேர வேண்டுமே. அதற்காகவே செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் சீம்பாலில் இயற்கையாக இருக்கிறது. இதை நானே வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன்.
என் ரத்தத்தைச் சோதித்தேன். ஆக்ஸிடோசின் இயல்பைப்போல் நாற்பது மடங்கு. மாற்று மருந்து கிடையாது. சிதையாதபடி செய்தவளே நான்தானே.
இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பாலைத் தொடாதீர்கள். ஆய்வறையைப் பூட்டிக்கொண்டேன். கன்றின் வாசனை வரக் கூடாது. பயமாக இருக்கிறது. என் மகள் நிலானிக்கு நாலு வயது. இடது கன்னத்தில் மச்சம். மாம்பழத் தோலைக் கடித்துக் கடித்துத் துப்புவாள். மறந்துவிடுவேனோ என்று எழுதி வைக்கிறேன்.

புதன், மாலை 5.00
வயர்லெஸ்ஸில் என் கணவர் அருளப்பன். "ஏன் தொண்ட ஒரு மாதிரி இருக்கு? காய்ச்சலா? பாப்பா ஒன்னத் தேடி அழுதுட்டே கெடக்கா. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாரேன்." வராதே என்று கத்தினேன். ஏன் என்று கேட்டார். காரணம் தெரியும். நேற்று எழுதினேன், செத்த கன்று பற்றி ஏதோ. அதற்குள் தொழுவத்தில் கன்று கத்தியது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. நிலானி பால்குடி மறந்து இரண்டு வருடமாகிறது.
அவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். எப்போது போனேன் தெரியவில்லை.

வியாழன், 6.30
கதவு திறந்து கிடக்கிறது. தொழுவத்தில் இருக்கிறேன். அவள் தலை என் மடியில். எவ்வளவு சூடு, எவ்வளவு மெது. இந்த ஏட்டின் முந்தைய பக்கத்தில் கன்னத்து மச்சம் என்று யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள். என் பிள்ளைக்கு ஏது மச்சம்? நெற்றியில் வெள்ளைச் சுட்டிதான்.

வியாழன், 9.05
ஜீப் சத்தம். ஒரு ஆள். கூட ஒரு குட்டி. கையை விட்டுவிட்டு ஓடி வருகிறது. என்னைப் பார்த்துக் கத்துகிறது.
வேறு வாசனை.
கன்னத்தில் ஏதோ கறுப்பாக.
என் பிள்ளை பக்கமாக வருகிறது. பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள். எல்லோரும் எழுந்துவிட்டோம். பசு தலையைத் தாழ்த்துகிறது.
நான் அதற்கும் முன்னால் நிற்கி