ஆங்கில ஆப்ஷனலில் ஓர் இடம்

1951, ஜூன் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. இடவப்பாதிப் பருவமழை சரியாகப் பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை.

பி.ஏ. விண்ணப்பம் வாங்கியாயிற்று. இன்னும் நிரப்பவில்லை. முதல் பகுதி ஆங்கிலம், எல்லோருக்கும் பொது. இரண்டாவது பகுதி, தமிழ் அல்லது மலையாளம். மூன்றாவதில்தான் தலைவலி. என் முன்னால் இருப்பவை:

கணிதம் — அப்பா சொல்வது. முடித்த கையோடு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை.
ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் — மாமா சொல்வது.
ஆங்கிலம் — நான்.

மாமா பழவங்காடிப் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். பத்திரிகை வேலைக்கு எந்தப் பாடம் நல்லது என்று அங்கே ஒரு சப்–எடிட்டரிடம் கேட்டு வந்தார். "பாடம் எதுன்னாலும் சரி, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படிக்கச் சொல்லும், பொம்பளப் பிள்ளைக்கு அதுதான் கிட்டும்னு சொன்னாரு கேட்டியா." அவர் சொன்னதில் பாதி எரிச்சல், பாதி உபயோகம். சென்னையில் பத்திரிகைத் தொழிலுக்கென்றே ஒரு டிப்ளமோ இருக்கிறதாம். பி.ஏ. முடித்தவர்களுக்குத்தான். ஆங்கிலம் நன்றாக இருந்தால் முன்னுரிமை.

என் தோழி பகவதியும் ஆங்கிலம்தான். இன்டர்மீடியட் இரண்டு வருஷமும் நானும் அவளும் சேர்ந்துதான் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அவள் எழுதுவாள், நான் பிரதி எடுப்பேன். எல்லோரும் என்னைத்தான் ஆசிரியர் என்றார்கள். என் எழுத்து குண்டு குண்டாக அழகு, அதனால்.

நீல மசி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 6, புதன்

விண்ணப்பம் கொடுத்தேன். ஆங்கிலம் என்றே எழுதினேன். அப்பா பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆபீசில் ஒரு செய்தி. ஆங்கில ஆப்ஷனலுக்குப் பன்னிரண்டே இடம். நேர்முகம் சனிக்கிழமை இல்லை, வெள்ளிக்கே வைத்துவிட்டார்கள். ஹெட் கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஆ வித்துராக்காரி குட்டி நின்டெ கூட்டுகாரியல்லே? தபால் இனி சேராது. ஒந்நு பறஞ்ஞேக்கணே."

தபால் போய்ச் சேராது என்றால் பகவதிக்கு நானே சொல்லிவிடுகிறேன் சார் என்றேன்.

பகவதி லீவுக்கு வித்துராவில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்குச் சந்தையில் பாத்திரக்கடை. பஸ் கண்டக்டரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், கடையில் கொடுத்துவிடுவார். எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறோம்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். வித்துரா பஸ் நின்றது. கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். பையில் காகிதம் இருந்தது, பென்சில் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது.

ஆங்கிலத்தில் அவள் மார்க் என்னுடையதைவிடப் பதினான்கு கூடுதல்.

மழை என்று எழுதலாமா. மழையால் இல்லை.

ஜூன் 7, வியாழன்

தூறல். அம்மா முறுக்குக்கு மாவு அரைத்தாள்.

காலையிலும் ஒரு பஸ் உண்டு. போகவில்லை. தலைவலி என்று படுத்திருந்தேன். தலை வலிக்கவும் செய்தது.

மத்தியானம் பகவதிக்கு ஒரு கார்டு எழுதினேன். 'நேர்முகம் வெள்ளிக்கு மாறிவிட்டது, உடனே வா.' மேலே புதன் என்று தேதி போட்டேன். சாயங்காலம் தபால் கட்டு எடுத்துப் போன பிறகு பெட்டியில் போட்டேன். கட்டு எடுத்தாயிற்றா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போட்டேன்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜூன் 8, வெள்ளி

வெயில். ஆச்சரியம்.

பதினாறு பேர் வந்திருந்தோம். ஆங்கிலப் பேராசிரியை, நாங்கள் எல்லோரும் 'மிஸ்' என்கிற அந்த அம்மாள், முடித்துவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டார். பத்திரிகையில் எழுதுவேன் என்றேன். எதை என்றார். நடந்ததை நடந்தபடி என்றேன். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

எழுந்தபோது கேட்டார். அந்த வித்துராப் பெண் ஏன் வரவில்லை, உனக்குத் தெரியுமா?

தெரியாது மிஸ்.

நாலு மணிக்குப் பலகையில் ஒட்டினார்கள். பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. கடைசி.

வீட்டில் பாயசம். அப்பாகூட இரண்டு தம்ளர் குடித்தார். "சரி, இங்கிலீஷ்னா இங்கிலீஷ். நல்லாப் படி மக்கா." நான் ஒரு தம்ளரை முடிக்கப் பட்ட பாடு.

ஜூன் 9, சனி

பகவதி முதல் பஸ்ஸில் அவள் அப்பாவோடு வந்தாள். நேரே எங்கள் வீட்டுக்கு. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு முழுப் பலாப்பழம், எங்களுக்கு. "உங்க அம்மாவுக்கு வரிக்கச் சக்க பிடிக்கும்னு நீதான சொன்னே."

நான் வாசலிலேயே சொன்னேன். நேற்றே முடிந்துவிட்டது, கார்டு போட்டிருந்தேனே என்று.

"கார்டு ஒண்ணும் வரல்லியே" என்றாள். என் மேல் சந்தேகம் என்று ஒரு நிழல்கூட இல்லை.

மூவரும் காலேஜுக்குப் போனோம். ஹெட் கிளார்க் என்னைக் காட்டி, இந்தக் குழந்தையிடம் புதன்கிழமையே சொன்னேனே என்றார். அவள் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

பகவதிதான் சொன்னாள். "அங்கே ரெண்டு நாளா நல்ல மழை சார். தபால் வந்திருக்காது."

ஹிஸ்டரியும் நேற்றே நிரம்பிவிட்டது. கணிதத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அவள் இன்டரில் எடுத்தது லாஜிக் குரூப், என்னைப்போல் கணக்கு குரூப் இல்லை. கணிதம் எடுக்க முடியாது.

அவள் அப்பா வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டே, "அப்ப போதும். படிச்ச வரைக்கும் போதும். அந்த தென்காசிக்காரங்க பொண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. வா மக்கா, போவோம்" என்றார்.

அவள் அழவில்லை. கேட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடித்து, "நீயாவது கேறிட்டியே" என்றாள்.

பலாப்பழம் அடுக்களை மூலையில். வீடு முழுக்க மணம்.

ஜூன் 10, ஞாயிறு

அம்மா: "என்னட்டி, இலைல கைய வச்சிட்டு உக்காந்திருக்கே? சக்க தின்னு வயிறு கேடாயிட்டா?"

ஒரு சுளைகூடத் தின்னவில்லை.

கல்யாணம். என்னால் அவளுக்குக் கல்யாணம். பார்த்தேயிராத ஒருவனோடு, தென்காசியில். பதினான்கு மார்க்குக்காக.

நான் எழுந்து இடத்தை விட்டுக் கொடுத்தால் அவளுக்குக் கிடைக்குமா? பதிமூன்றாவது ஆளுக்கோ பதினான்காவது ஆளுக்கோ போய்விடுமா? தெரியவில்லை. தெரியாததே ஒரு சாக்காக இருக்கிறது. நாளை மிஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 11, திங்கள்

மிஸ்ஸிடம் சொன்னேன். பஸ், கார்டு, தேதி, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

பிறகு, வாயால் சொன்னது போதாது, பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடு, அப்பாவின் கையெழுத்தும் வேண்டும் என்றார். அது ஃபைலில் இருக்கும், தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன்.

அரைப் பக்கம். அதற்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று. அப்பா செக்ரட்டேரியட்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன்பே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

"'சொல்ல மறந்துவிட்டேன்'னு எழுதியிருக்கே. மறந்தியா?"

"இல்லப்பா."

"பின்ன?"

வெட்டினேன். 'வேண்டுமென்றே சொல்லவில்லை' என்று மேலே எழுதினேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அப்புறம் சாப்பிட வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 12, செவ்வாய்

பிரின்சிபால் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை உட்காரச் சொல்லவில்லை. நியாயம்.

முடிவு: பகவதிக்கு வியாழக்கிழமை தனியாக நேர்முகம். பன்னிரண்டுக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. அவள் தேறினால் பட்டியலில் கடைசிப் பெயர் வெளியே. கடைசிப் பெயருக்குக் கணிதத்தில் இடம் உண்டு.

தந்தி கொடுக்கச் சொல்கிறேன் என்றார். நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை. தந்தியும் போகட்டும் என்றார்.

ஜூன் 13, புதன்

அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். நெடுமங்காடு தாண்டியதும் மண் சரிந்து அரை மணி நேரம் பஸ் நின்றது. பக்கத்து சீட் அம்மாள் ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க மருமகளைப் பற்றிச் சொன்னாள். நல்ல வேளை.

பாத்திரக்கடை. செம்புகள் கயிற்றில் தொங்கின. பகவதி அண்டாவுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். தந்தி வந்துவிட்டிருந்தது, அவள் முகத்திலேயே தெரிந்தது. "நீ போய்ச் சொல்லித்தான் தந்தி விட்டாங்களா?" என்று ஓடி வந்தாள்.

அப்பாக்கள் இருவர் முன்னாலும் சொன்னேன். எதையும் விடவில்லை.

அவள் உள்ளே போய் என் கார்டை எடுத்து வந்தாள். திங்கட்கிழமை வந்ததாம். "புதன்னு எழுதியிருக்கே. முத்திரை வெள்ளின்னு இருந்துது. தபால்காரங்கதான் தாமசிச்சுப் போட்டாங்கன்னு அப்பாட்ட சொன்னேன்." கார்டை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அவள் அப்பா: "வந்து சொன்னீங்க இல்லா. சாயா குடிச்சிட்டுப் போங்க."

குடித்தோம். அவள் திரும்ப அண்டா பக்கம் போய்விட்டாள். தென்காசிக்குப் பதில் எழுதவில்லையே என்று என் அப்பா கேட்டார். இன்னும் இல்லை என்றார் அவள் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் பிடித்திருந்த மூச்சை விட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா திங்களுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார். "குளிருதா?" அவ்வளவுதான்.

ஜூன் 14, வியாழன்

பகவதி தேறினாள். மிஸ் அவளை முக்கால் மணி நேரம் பேச வைத்தாராம்.

பலகையில் என் பெயரை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அவள் பெயர். மாமா கேள்விப்பட்டு வந்தார். "கணக்குப் படிச்சவங்களும் பேப்பர்ல இருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. இடம் போனதற்கா, நான் இப்படிப்பட்டவள் என்று தெரிந்ததற்கா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடம் போனதற்கும்தான். பொய் சொல்லவேண்டாம்.

இரண்டாவது பகுதி: தமிழ். டைப் கிளாஸ்: சாயங்காலம் ஐந்து முதல் ஆறு.

ஜூன் 18, திங்கள்

முதல் நாள். மழை இல்லை, புழுக்கம்.

கணித வகுப்பில் எட்டுப் பேர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கால்குலஸ் நோட்டு ஒன்று வாங்க வேண்டும், கோடு போடாதது.

பதினொரு மணிக்கு இடைவேளை. வராந்தாவில் பகவதி எதிரே வந்தாள், ஆங்கில வகுப்புப் பெண்கள் நாலைந்து பேரோடு. ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள். புத்தகங்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"கணக்கு எங்ஙனெ உண்டு?" என்றாள். கணக்கு எப்படி இருக்கிறது என்று.

இரண்டு வருஷத்தில் நானும் அவளும் ஒருநாள்கூட மலையாளத்தில் பேசிக்கொண்டதில்லை. அது மற்றவர்களோடு பேசுகிற பாஷை.

பரவாயில்லை என்பதை நானும் அதே பாஷையில் சொன்னேன். "கொள்ளாம்."