ஆக்னஸ் என்று ஒருத்தி இல்லை

டொரொன்டோ
பிப்ரவரி 3

அன்பு இங்ரிட்,

சஸ்கட்டூனில் 'தொழில்நுட்பமும் சமூகமும்' படிக்கச் சேர்ந்த முதல் வாரத்தில், தோழிகள் நாமிருவராவது திரையை விட்டுத் தாளில் எழுதிக்கொள்வோம் என்று சபதம் செய்தோம். நான் காப்பாற்றுகிறேன். நீதான் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நல்ல செய்தி. முதியோர் இல்லத்துக் கேமராக்களைப் பற்றிய என் கட்டுரைக்குப் பரிசு! உன் குறிப்புகளுக்கும் அங்கே வேலை செய்யும் உன் அத்தை டோரீனுக்கும் நன்றி. பயப்படாதே, அவருக்கு 'ஆக்னஸ்' என்று பெயர் வைத்து, ஊரையும் தலைமுடி நிறத்தையும்கூட மாற்றிவிட்டேன். முதியவர்களுக்கு உடை மாற்றும்போது கேமராவின் மேல் சிவப்புக் கையுறையை மாட்டிவிட்டு, வெட்கம் தெரியாமலிருக்க அவர் பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தை வர்ணிப்பாரே, அந்த இடத்தைப் படித்து ஒரு நடுவர் அழுதாராம். இங்கே ஆசிரியர் வேலையும் கிடைக்கும் போலிருக்கிறது.

அத்தைக்கு என் முத்தங்கள்.

உன்
மார்கோ

சஸ்கட்டூன்
பிப்ரவரி 19

மார்கோ,

இங்கும் ஒருவர் படித்தார். அவர் அழவில்லை. நம் துறை பெருமை தாங்காமல் கட்டுரையை அந்த இல்லத்துக்கே அனுப்பிவைத்தது. தலைமுடியை மாற்றிவிட்டுக் கையுறையையும் கர்லிங்கையும் அப்படியே வைக்க, நம்மைப் போல் படித்தவர்களால்தான் முடியும். மேலாளர் அத்தையை அழைத்தார்.

"யாருங்க இந்த ஆக்னஸ்?"

"தெரியலையே. என்னைவிடக் கெட்டிக்காரி மாதிரி இருக்கு."

"வெளையாடாதீங்க டோரீன். கேமராவ மூடுனா வேலை போயிடும்னு தெரியும்ல?"

"பெரியவர் அம்மணமா நிக்கறத அவ்ளோ பார்க்கணும்னா நேர்லயே வாங்க. துண்டு புடிக்க ஆள் பத்தல."

இப்போது அத்தை பணியிடைநீக்கத்தில் வீட்டில் இருக்கிறார். மார்ச்சில் விசாரணை. கேமராப் பதிவுகள் வாராவாரம் அழிந்துவிடும். அவருக்கு எதிரான ஒரே சாட்சி உன் கட்டுரை. 'ஆக்னஸ் பலரைக் கலந்து செய்த உருவம், கையுறை என் கற்பனை' என்று இல்லத்துக்கு இரண்டு வரி எழுது. உடனே எழுது.

இங்ரிட்

டொரொன்டோ
மார்ச் 1

என் இங்ரிட்,

படித்துவிட்டு உடைந்துபோனேன். ஆனால் நீ கேட்பது பொய். ஆய்வு நேர்மை இல்லையென்றால் நமக்கு வேறென்ன இருக்கிறது?

வேறொரு வழி தோன்றுகிறது. இந்தப் பணியிடைநீக்கத்தையே அடுத்த கட்டுரையாக எழுதலாம். டோரீனின் குரல் வெளியே வரும். ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். விசாரணைக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லது, உணர்வுகள் அப்போது புதிதாக இருக்கும்.

என்மேல் கோபம் வேண்டாம்.

மார்கோ

சஸ்கட்டூன்
மார்ச் 14

மார்கோ,

படிவத்தை அத்தையிடம் காட்டினேன். "இந்தப் பொண்ணு நல்லா சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்டார். உன்மேல் அவருக்கு இரக்கம். எனக்கு அதுகூட வரவில்லை.

உன் நேர்மையைப் பற்றி யோசித்தேன். கையுறை நாளன்று நீ சளி பிடித்து விடுதியில் படுத்திருந்தாய். உள்ளே போனதும் பார்த்ததும் குறிப்பெடுத்ததும் நான். கட்டுரையில் 'நான் கண்டேன்' என்று எழுதியிருக்கிறாய். பொய் சொல்வது உனக்குக் கஷ்டமில்லை, அது உனக்குப் பயன்பட வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணைக்கு நானே போனேன். அந்தக் காட்சி என் கற்பனை, அதைக் களக்குறிப்பு என்று சொல்லி மார்கோவிடம் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை முதல் அத்தைக்கு மறுபடி வேலை. தரவைப் புனைந்தவள் என்று துறை என்னை நீக்கிவிட்டது. ஐந்து வருடம் மனித மதிப்புகளைப் படித்ததில் நான் செய்த உருப்படியான காரியம் இந்தப் பொய்தான். பரிசுக்குழு உன்னையும் விரைவில் கூப்பிடும்.

நான் சொன்னது பொய் என்று நீ நிரூபிக்கலாம். டோரீனை மறுபடி காட்டிக்கொடுத்தால் போதும், பரிசு உன்னிடமே தங்கும். அப்படி முடிவு செய்தால் எனக்கு எழுதாதே, நேராக இல்லத்துக்கே எழுது. முடிவு செய்யாவிட்டாலும் எனக்கு எழுதாதே.

இங்ரிட்