ஆக்டோபஸ் தொப்பியின் எட்டாவது கால்

லீஃப்,

வேலைக்குக் கிளம்பிட்டேன். உன்னை எழுப்ப மனசு வரல. "டோவாவோட அம்மா இடத்தைப் பிடிக்கப் பாக்கறியா?"ன்னு நேத்து கேட்டியே, அது இன்னும் காதுலயே நிக்குது. நான் யார் இடத்தையும் பிடிக்கல. ஹாலோவீனுக்கு உன் பொண்ணுக்கு ஒரு தொப்பி பின்னுறேன், அவ்வளவுதான்.

தொப்பி சாப்பாட்டு மேசை மேல இருக்கு. ஆக்டோபஸோட எட்டாவது கால் பாதியில நிக்குது. கொக்கி ஊசியை உருவிடாதே, ஒரு கண்ணி கழண்டா மொத்தமும் மளமளன்னு பிரிஞ்சிடும். பூனையைக் கிட்ட விடாதே. இருட்டுறதுக்குள்ள வந்து முடிச்சிடுவேன்.

சாயங்காலம் பனி கொட்டுமாம். மிட்டாய் வாங்க வீடு வீடாப் போறப்ப அவ வேஷம் முழுக்கக் கோட்டுக்குள்ள போயிடும், வெளியே தெரியறது தொப்பி மட்டும்தான். பிடிக்கலன்னா வற்புறுத்தாதே. நான் பின்னினேன்னு சொல்லாதே, கடையில வாங்கினதுன்னு சொல்லிடு.

மதியச் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் ஃபிரிட்ஜில இருக்கு. சூடு பண்ணிக்கோங்க.

ரோண்டா

பி.கு.: தலை அளவை அவ தூங்கறப்பதான் எடுத்தேன். சரியா இருக்குமான்னு பயமாவே இருக்கு. காதை அழுத்தினா உடனே போன் பண்ணு.

(அதன் கீழே, பென்சிலில், குண்டு குண்டாக:)

அப்பா இன்னும் எந்திரிக்கல. நான் படிச்சிட்டேன். ஊசியோடயே போட்டுப் பாத்தேன், காதை அழுத்தல. பூனையைக் குளியலறையில அடைச்சிட்டேன். கடைத் தொப்பியில எங்கயாவது ஊசி தொங்குமா?

நீ அளவெடுத்தப்ப நான் தூங்கவே இல்ல.

டோவா